அண்ணா பொருத்திய இரும்புக் கதவு

2025 மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை. அண்ணா வழமைபோல பாரிஸ் புறநகரான வில்லியே லே பெல்லில் இருந்து தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலுக்கு வந்து, மரக்கறி வாங்கிக்கொண்டு இன்னொரு புறநகரான லெ பிளாங்-மெனிலில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தார். சாப்பிட்டபின் நகம் வெட்டினார். தேநீர் குடிக்கும்போது என்னிடம் சொன்னார்:

"பிள்ளை, நான் செத்தால் நீ கட்டாயம் நினைவுப் புத்தகம் அடிப்பாய். அதிலை என்னை உத்தமர் எண்டு எழுதிப்போடாதை."

"வேறை என்னெண்டு எழுதிறது? கோப்பை கழுவினவர் எண்டோ?"

"அதையும் எழுது. கதவையும் எழுது."

அந்த மாத முடிவில், வேலையிடத்தில் மாரடைப்பு வந்து அண்ணா காலமானார். ஆகவே எழுதுகிறேன்.

சாவகச்சேரியில் பிறந்த அண்ணா, சோவியத் அரசின் புலமைப்பரிசில் பெற்று மொஸ்கோவில் உலோகப் பொறியியல் படித்தார். வெல்டிங் கற்பித்த பேராசிரியையும் தெருக் கூட்டுபவரும் ஒரே மாடியில் ஆளுக்கோர் அறையில் வாழ்ந்து, ஒரே அடுப்படியில் சமைப்பதை வியந்து வீட்டுக்குக் கடிதம் போட்டார்.

சில ஆண்டுகளில் அந்த அரசு இல்லாமற் போனது. பேராசிரியையின் ஓய்வூதியம் பாண் வாங்கவும் போதவில்லை. அவரிடம் படித்த இன்னொருவர் பெரும் பணக்காரராகி, அந்த மாடியின் அறைகளை ஒவ்வொன்றாக வாங்கினார். பேராசிரியை மட்டும் விற்க மறுத்தார். அவர் அடுப்படிக்குப் போக முடியாதபடி நடைவழியில் இரும்புக் கதவு போடச் சொல்லி அந்தப் பணக்காரர் அண்ணாவை அழைத்தார். அண்ணா அந்த நாட்டில் தங்குவதற்கான வதிவிடப் பத்திரம் அந்தப் பணக்காரர் கையில் இருந்தது. ஊரில் போருக்குள் அகப்பட்டிருந்த என்னை வெளியே எடுக்கவும் பணம் தேவைப்பட்டது. அண்ணா மறுக்கவில்லை.

"அந்தப் பேராசிரியை உங்களை ஏசேல்லையோ?" என்று அண்ணா இதைச் சொன்னபோது கேட்டேன்.

"இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து வெல்டிங்கைத் தடவிப் பாத்தா. 'நேராய் வந்திருக்கு, நல்லாப் படிச்சிருக்கிறாய்' எண்டா. பிறகு அறைக்குள்ளை போய்ப் பூட்டிக்கொண்டா."

பின்பு பாரிஸுக்கு வந்த அண்ணா, இருபது ஆண்டுகளுக்கு மேலாக உணவகங்களில் கோப்பை கழுவினார். வெல்டிங் வேலைக்குக் கூடிய சம்பளத்தில் கேட்டு வந்தவர்களையும் திருப்பி அனுப்பினார்.

அண்ணாவை மருத்துவமனைக்குக் கொண்டுபோன சமையலறை நண்பர்களுக்கும், இறுதிக் கிரியைகளில் கூட நின்ற உறவினர்களுக்கும், உணவு தந்துதவிய லா சப்பல் கடைக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியுடையது. பெயர் தெரியாத அந்தப் பேராசிரியைக்கும் நான் கடமைப்பட்டவள். அவருடைய அடுப்படியை அடைத்த கூலியில்தான் நான் இங்கு வந்து சேர்ந்தேன். பிறகு அவர் எப்படி வாழ்ந்தார் என்பது அண்ணாவுக்கும் தெரியவில்லை.

"கதவு போட்ட அடுத்த நாள் விடிய என்ன செய்தனீங்கள்?" என்று அந்த ஞாயிற்றுக்கிழமை கேட்டேன்.

"மேல்மாடியிலை அடுத்த கதவுக்கு அளவெடுக்கப் போனனான்."