அப்பா வெட்டிய பலூன்

சாயப்பட்டறைகள் மூடிக் கிடந்த அந்த மாதங்களில் எங்கள் அப்பா சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். சாயம் ஏறாமல் துணி வராது, துணி வராவிட்டால் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டருக்கு வேலை இல்லை. எனக்கு இதை விளக்கியவள் அக்கா. அவள் ஒன்பதாம் வகுப்பு, நான் மூன்றாம் வகுப்பு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த நாங்கள் வீரபாண்டியில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். ஒரே அறை என்பதால் அப்பா எந்தச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாலும் அவர் முதுகு எங்களுக்கு நடுவில்தான் இருந்தது.

அம்மாவுக்கு மட்டும், தைத்த பனியனில் குறை தேடும் செக்கிங் வேலை அரைகுறையாக ஓடிக்கொண்டிருந்தது. காலையில் கிளம்பும்போது தினமும் ஒன்றையே சொல்வாள்.

"அப்பாவ ஒத்தையில விடக்கூடாது, கேட்டியா. ஒருத்தி தண்ணி பிடிக்கப் போனா இன்னொருத்தி வீட்டுல இருக்கணும்."

பள்ளிக்கூட நாட்களில் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லி வைத்துவிட்டுப் போவாள். வீட்டில் திருட்டுப் போகாமல் இருக்கத்தான் இத்தனை காவல் என்று நான் நினைத்தேன். திருட என்ன இருந்தது என்று யோசிக்கிற வயதில்லை.

அப்படி ஒரு சனிக்கிழமை, பள்ளி நூலகத்திலிருந்து கொண்டு வந்த தடித்த புத்தகத்தை அக்கா சத்தமாக வாசிக்க ஆரம்பித்தாள். எனக்காக வாசிப்பதாகச் சொன்னாள். அவள் உட்கார்ந்திருந்ததோ அப்பாவின் தலைமாட்டில்.

பிரெஞ்சு தேசத்தில் காகிதம் தயாரிக்கும் குடும்பம் ஒன்று. அதில் ஒரு அண்ணன், ஒரு தம்பி. நெருப்பின் மேலே புகை எழும்புவதைப் பார்த்துவிட்டு, அந்தப் புகையை ஒரு பெரிய பைக்குள் பிடித்து வைத்தால் பை பறக்காதா என்று யோசித்திருக்கிறார்கள். கோணித்துணியில் பை, உள்ளே காகிதம். மொத்த ஊரும் பார்க்க அது மேகம்வரை போயிற்று. அடுத்து ராஜாவின் அரண்மனை முற்றத்தில் ஒரு ஆடு, ஒரு வாத்து, ஒரு சேவல் மூன்றையும் கூடையில் ஏற்றி அனுப்பினார்கள். மூன்றும் உயிரோடு இறங்கின. அதற்கு முன்னால் மனிதன் செய்த எதுவும் அப்படி வானத்தில் எழும்பியதில்லை என்று எனக்குத் தோன்றியது. வாயைத் திறந்தபடி கேட்டேன்.

"இது நடந்த வருஷம்தான் நம்ம தாராபுரம் கோட்டையைக் கும்பினிக்காரன் பிடிச்சானாம். சரித்திர டீச்சர் சொன்னாங்க," என்றாள் அக்கா. "அங்க ஆடு பறக்குது, இங்க பீரங்கி வெடிக்குது."

"அந்த ராஜா?" என்று கேட்டேன்.

"பத்து வருஷத்துல அவரு தலையை அவரு சனங்களே வெட்டிட்டாங்க."

அப்பா அசையவில்லை. அக்கா ஒரு பக்கத்தைத் திருப்பினாள். "அந்தப் பையைத் துண்டு துண்டா வெட்டி, ஆயிரத்துக்கும் மேல பட்டன் வச்சு மாட்டினாங்களாம்."

சுவரைப் பார்த்தபடியே அப்பா பேசினார். பல நாட்களுக்குப் பிறகு அவராக எடுத்த பேச்சு அது.

"பட்டனா? பட்டன் இடுக்கு வழியாக் காத்துப் போயிராதா?"

"அதுக்குத்தான் உள்ள காகிதம் ஒட்டியிருக்காங்க."

"ம்," என்றார் அப்பா.

மறுநாள் ஞாயிறு. எங்களிடம் வாடகை வாங்கும் வீட்டுக்கார அம்மாவிடம் அக்கா போனாள். அவர்கள் பனியன்களை மடித்து வைக்கும் மெல்லிய டிஷ்யூ பேப்பர் மொத்தமாக வாங்கி விற்பவர்கள். மழையில் நனைந்து பழுப்பேறிய கட்டு ஒன்று மூலையில் கிடந்தது. அக்காவோடு போன நான், கூடவே ஒரு சேவலும் கேட்டேன்.

"பேப்பர எடுத்துக்க கண்ணு. சேவலத் தர மாட்டேன். வேணும்னா உங்கம்மாளக் கேட்டுப்போட்டு நீயே ஏறிக்க," என்றார் அவர்.

அக்கா தரையில் தாள்களை விரித்து, மைதா மாவைக் காய்ச்சிப் பசை செய்து, கத்தரிக்கோலை எடுத்தாள். வெட்டத் தொடங்கியதும் எனக்கே வருத்தமாகிவிட்டது. ஒரு துண்டு இடுப்பில் பெருத்தது, இன்னொன்று நுனியில் கோணிக்கொண்டது. ஓரங்கள் எலி கடித்ததுபோல இருந்தன. நாலு துண்டை ஒட்டிப் பார்த்தால் பழைய தலையணை உறை மாதிரி தொங்கியது.

அப்பா புரண்டு படுத்தார். சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏட்டி, என்ன செய்யுத?"

"பலூன்பா."

"இப்படியா வெட்டுவாவ? இது பைதான் ஆகும், பந்து ஆகாது. கொண்டா இங்க."

அவர் எழுந்து உட்கார்ந்தார். எழுந்த வேகத்தில் தலைசுற்றி, ஒரு கையைத் தரையில் ஊன்றிக்கொண்டார். பிறகு ஒரு பழைய செய்தித்தாளை நீளவாக்கில் மடித்து, பென்சிலால் ஒரே ஒரு வளைகோடு போட்டார். வயிற்றில் அகன்று, உச்சியில் ஊசியாகி, அடியில் கொஞ்சம் குறுகும் கோடு. அதுதான் பேட்டர்ன் என்றார். டிஷ்யூ தாள்களை நீளமாக ஒட்டிப் பன்னிரண்டு பட்டைகளாக்கி, ஒன்றின் மேல் ஒன்றாகச் சுருக்கமில்லாமல் அடுக்கி, மேலே பேட்டர்னை வைத்து, நாலு மூலையிலும் எங்கள் வீட்டுத் தம்ளர்களைப் பாரமாக வைத்தார். கத்தரி ஒரு முனையில் நுழைந்து, எங்கும் நிற்காமல் மறுமுனையில் வெளியே வந்தது. பன்னிரண்டு துண்டும் ஒரே அச்சு. அப்பா வேலை செய்வதை நான் அதுவரை பார்த்ததில்லை. கம்பெனிக்குள் குழந்தைகளை விட மாட்டார்கள். தினமும் டிபன் கேரியரோடு போய், டிபன் கேரியரோடு திரும்பும் மனிதர் உள்ளே இதைத்தான் செய்துகொண்டிருந்தார் என்று அன்றுதான் தெரிந்தது.

அம்மா கடையிலிருந்து திரும்பி வாசலில் நின்றாள். அறை முழுக்கக் காகிதம். அப்பா முழந்தாளிட்டுப் பசை தடவிக்கொண்டிருந்தார். வையப்போகிறாள் என்று பயந்தேன். அவள் செருப்பை வெளியிலேயே கழற்றிவிட்டு, ஓரமாக நடந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, காற்று எழும்புவதற்கு முன், லைன் வீட்டுக்குப் பின்னாலிருந்த பொட்டல் காட்டுக்குப் போனோம். அடியும் மூடியும் வெட்டிய பழைய டிரம் ஒன்றைக் குழியின் மேல் நிறுத்தி, கீழே நெருப்பு மூட்டினோம். அந்த அண்ணன் தம்பி ஈர வைக்கோலும் ஆட்டு மயிரும் பழைய செருப்பும் எரித்தார்கள், புகை எவ்வளவு கருப்போ அவ்வளவு தூக்கும் என்று நம்பினார்கள் என்று அக்கா வாசித்திருந்தாள். நாங்களும் அப்படியே ஈரப் பனியன் வேஸ்ட்டைக் கொளுத்தினோம். புகை கண்ணைக் கரித்தது. பலூன் பாதி உப்பி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, டிரம்மின் விளிம்பில் பட்டு ஒரு துண்டு கருகியது. லைன் வீட்டுச் சனங்கள் இருமிக்கொண்டே பார்த்தார்கள். யாரோ சிரித்தார்கள்.

நான் அப்பாவைப் பார்த்தேன். மறுபடியும் போய்ப் படுத்துவிடுவார் என்று நினைத்தேன். அம்மாவும் அக்காவும்கூட அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்பா குந்தி உட்கார்ந்து கருகிய இடத்தை விரலால் தடவினார்.

"புகையில்லட்டி. சூடுதான் தூக்குது," என்றார். "சுடுகாத்து அடிக்க டிரையருக்குள்ள துணி மெதக்கதப் பாத்திருக்கேன்லா. அங்க ஏது புகை? அந்த அண்ணன் தம்பி தப்பா நினைச்சுச் சரியாச் செஞ்சிருக்காங்க."

ராஜாவின் முன்னால் ஆடு பறக்கவிட்டவர்களை எங்கள் அப்பா திருத்தியதில் எனக்கு மெய்சிலிர்த்தது. அவர் ஓட்டைக்கு ஒட்டுப் போட்டார். குழியைச் சுத்தம் செய்து, காய்ந்த சோளத்தட்டையை மட்டும் எரித்தார். புகையே இல்லாத, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத தீ. பலூன் மெல்ல நிமிர்ந்தது. சுருக்கங்கள் ஒவ்வொன்றாக நீங்கின. அப்பாவைவிட இருமடங்கு உயரத்தில் பழுப்பு வெள்ளையாக நின்று, வாய்ப்பக்கக் கம்பி வளையத்தைப் பிடித்திருந்த எங்கள் கைகளை இழுத்தது. உயிருள்ள ஒன்று இழுப்பதுபோல இழுத்தது.

"விடுங்க," என்றார் அப்பா.

அது ஓடவில்லை, பாயவில்லை. ஏறியது. ஒரு சத்தமும் இல்லாமல், வேப்பமரத்துக்கு மேலே, செல்போன் கோபுரத்துக்கு மேலே ஏறி, அங்கே வெயில் பட்டு உள்ளே விளக்கு வைத்ததுபோல மின்னியது. சிரித்தவர்கள் நெற்றியில் கையை வைத்து அண்ணாந்து பார்த்தார்கள். ஒரிசாக்காரத் தொழிலாளி ஒருவர் கைகளைக் கூப்பினார். அம்மா, "ஆண்டவரே," என்று மெதுவாகச் சொன்னாள். அந்த ஒரு நிமிடத்தில் என் உடம்பில் எடையே இல்லை. அது தெற்கே திரும்பிப் புள்ளியாகி மறைந்த பிறகும் நாங்கள் தலையை இறக்கவில்லை.

மத்தியானம் மொபெட்டில் ஒரு விவசாயி வந்தார். பின்னால் மடித்துக் கட்டிய காகிதம். பலூனின் வாயில் அக்கா ஒரு அட்டை கட்டியிருந்தாள். பிரெஞ்சு கிராமம் ஒன்றில் இப்படி வேறொருவரின் பலூன் இறங்கியபோது பூதம் என்று பயந்து சனங்கள் குத்திக் கிழித்துவிட்டார்களாம். அதனால், 'இது பேய் அல்ல, பயப்பட வேண்டாம்' என்று எழுதி, கீழே எங்கள் முகவரியும் போட்டிருந்தாள்.

"ஏனுங்க, இது உங்க ஊட்டுதுங்களா?" என்றார் அவர். "நம்ம சோளக்காட்டுல வந்து உழுந்துச்சுங்க. நாய் ஒண்ணு கடிச்சுப்போடுச்சு, அதுக்குள்ள ஓடிப் புடிச்சுட்டனுங்க. ஒரு ஓரந்தான் கிழிஞ்சிருக்குது. தப்பா நெனைச்சுக்காதீங்க."

"நாந்தாங்க மன்னிப்புக் கேக்கணும்," என்றார் அப்பா. அவருக்கு உட்கார நாற்காலி இல்லாததால் இருவரும் நின்றபடியே டீ குடித்தார்கள். அவர் போகும்போது, "யாருங்க வெட்டுனது? ஒரு பிசிறு இல்லீங்க," என்றார். அப்பா தம்ளரைப் பார்த்துக்கொண்டு, "நாந்தாங்க," என்றார்.

அதன் பிறகு அப்பா பகலில் படுக்கவில்லை. வேலை தேடி அவிநாசி, பல்லடம் என்று அலைந்தார். கோடை முடிவதற்குள் ஒரு சின்ன கம்பெனியில் கத்தரி பிடித்துவிட்டார்.

ஜூனில் பள்ளி திறந்தது. எனக்குக் கொடுத்த சீருடைச் சட்டை தொளதொளவென்று முழங்காலைத் தொட்டது. வீட்டில் நானும் அக்காவும் மட்டும் இருந்தோம். அவள் தையலைப் பிரித்து, துணியைத் தரையில் விரித்தாள். சாக்பீஸ் இல்லை, அளவு நாடா இல்லை. என் தோளில் ஒரு சாண் வைத்துப் பார்த்துவிட்டுக் கத்தரியை ஓட்டினாள். அது எங்கும் நிற்கவில்லை. கைக்குழி வளைவு வட்டில் வைத்து வரைந்ததுபோல வந்தது. ஒரு நூல் பிசிறவில்லை.

"நல்லா வெட்டுத. அப்பாட்டப் படிச்சியா?" என்றேன்.

"ம். அஞ்சாப்பு படிக்கையில, வீட்டுல வச்சு," என்றாள் அக்கா, பல்லில் கடித்த ஊசியை எடுக்காமல்.

அவளுடைய அஞ்சாம் வகுப்பு பலூனுக்கு முந்தியா பிந்தியா என்று நான் யோசிக்கவில்லை. சட்டையைப் போட்டுப் பார்க்கும் அவசரத்தில் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றேன்.