பதினான்கு கைகள்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் நான் தமிழ்ப் பிரிவு, கிள்ளானிலிருந்து வரும் ஸ்டெல்லா ஸ்பானிஷ் பிரிவு. ஒருமுறை இருவருக்கும் மொழிபெயர்க்க ஒரே ஆங்கிலப் பயிற்சிக் குறிப்பு வந்தது. அதில் பதினான்கு இடத்தில் ‘ஹேண்ட்’ இருந்தது.

ஸ்பானிஷில் கைக்கு ‘மானோ’ என்பது மட்டும் எனக்குத் தெரியும். அவள் எழுதியதில் தேடினேன். ஐந்துதான் இருந்தது. மீதியை விழுங்கிவிட்டாள் என்று முதலாளிக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டுத்தான் அவளிடமே கேட்டேன்.

“அண்ணே, ‘ஆன் தி அதர் ஹேண்ட்’னு வந்தா அங்க கைய எழுத முடியாதுலா. ஸ்பானிஷ்ல ‘மறுபக்கம்’னுதான் சொல்வாங்க. உங்க தமிழ்ல எத்தனை கை இருக்கு?”

எண்ணினேன். நான்கு.

உடனே முதலாளியிடம் போய் என் தவறைச் சொன்னேன். தலையாட்டினார். ஆனாலும் ஸ்டெல்லாவின் வேலையை மட்டும் இன்றுவரை சொல் சொல்லாக எண்ணிப் பார்க்கிறார். அந்தப் பழக்கம் என்னிடமிருந்துதான் அவருக்குப் போனது.