ஜமீர் பாயின் மார்புப் பெட்டி

“வலது பக்கம் வண்டி மாடுங்க, இடது பக்கம் சென்றாயனுங்க, நடுவுல நானுங்க” என்று எதிரே வருபவர்களுக்கு அறிவித்துக்கொண்டே அரூர் கடைத்தெருவில் நடக்கிறார் மெத்தை தைக்கும் ஜமீர் பாய். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். மார்பில் டிரான்சிஸ்டர் ரேடியோ அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி தொங்குகிறது. எதிரே ஆளோ மாடோ வந்தால் கீச்சென்று கத்தி எச்சரிக்கும். சீமையிலிருந்து வரவழைத்து, போன பொங்கலுக்கு எங்கள் ஊர் நற்பணிக் கழகம் கொடுத்தது.

விழா மேடையில் கழகத் தலைவர் ராஜாமணி, “இனி இவர் யார் தயவும் இல்லாமல் நடப்பார்!” என்று முழங்கிவிட்டுப் பாயின் கைத்தடியைப் பிடுங்கிக்கொண்டார். அது இப்போது கழகத்துக் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. சீமைப் பெட்டி கீழே விழுந்து உடைந்தால் என்ன செய்வது என்று மறுநாளே கவலை வந்துவிட்டது. பாயின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு கூடவே போகும்படி கழகக் காவலாளி சென்றாயனுக்கு உத்தரவானது. மழை வந்தால் குடை பெட்டிக்குத்தான். பாய் நனைவார்.

கடைத்தெருவும் லேசுப்பட்டதல்ல. பெட்டி கத்தினால் விலக வேண்டியவர்கள், கத்துகிறதா என்று பார்க்க எதிரே வந்து நிற்கிறார்கள். கடலை விற்கும் செல்லிக்கு ஒருநாள் அது கத்தவில்லை. “எனக்கு மட்டும் ஏன் கத்தல? நான் ஆளில்லையா?” என்று பாயை வழிமறித்துச் சண்டைக்கு நின்றாள்.

“மீசை மொளைக்கறதுக்கு முன்னாடியிருந்து ஒண்டியாத்தாங்க கடைக்குப் போயி வந்தேன். ஒண்டியா நடக்கறதுக்குன்னு மிசினு குடுத்தாங்க. அன்னையிலிருந்து ஒண்டியா வுடமாட்டேங்கறாங்க” என்பார் பாய், ஊசியில் நூல் கோத்தபடி. எனக்குச் சிரிப்பு வரும், கூடவே ஆத்திரமும் வரும். அவர் அவசரத்துக்குச் சந்துப் பக்கம் ஒதுங்கினால்கூடச் சென்றாயன் பக்கத்தில் நிற்கிறான்.

போன வெள்ளிக்கிழமை நண்பகல், பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். கடையில் தைத்துக்கொண்டிருந்த பாய் எழுந்தார். சென்றாயன் கையை விடவில்லை.

“தலைவர் போட்டோக்காரரோட வர்றாருங்க. அதுவரைக்கும் நவுராதீங்க பாய்.”

“தொழுகை எனக்காக நிக்குமா?”

“போட்டோவுக்குப் பொட்டி வேணுமுங்களே!”

“அவ்வளவுதானா?” என்றார் பாய். பெட்டியைக் கழற்றினார். தடவிப் பார்த்துச் சென்றாயன் கழுத்தில் மாட்டினார். எதிரே நின்ற பாயைக் கண்டு அது வீல் வீலென்று கத்தியது. அவர் பஞ்சு அடிக்கும் மூங்கில் கழியை எடுத்துக்கொண்டு, தரையைத் தட்டித் தட்டிப் படியிறங்கித் தெருவில் நடந்தார். பெட்டி வாயை மூடிக்கொண்டது.