வெறும் ஜீப்பின் பாரம்

இது கட்டிச் சொல்கிற கதையில்லை. 1997ஆம் ஆண்டு, ஆவணி மாதம், துணுக்காயில் நடந்தது. இராத்திரியில் நடந்திருந்தால் ஏதோ கனவு கண்டிருப்பார் என்று தள்ளிவிடலாம். நடந்தது பட்டப்பகலில். பகல் ஒரு மணி ஐம்பத்து மூன்று நிமிடத்துக்கு. கையில் மணிக்கூடு கட்டியிருந்த மனுசன் பார்த்த நேரம் அது.

அந்த மனுசனுடைய பெயர் வீரகத்தி. கிளிநொச்சியில் இருபது வருசம் கராஜ் வைத்திருந்தவர். முந்தின வருசம் சண்டை வந்து சனமெல்லாம் ஊரை விட்டுக் கிளம்பியபோது அவரும் ஸ்பானர் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். துணுக்காய் றோட்டோரம், ஒரு பாலை மரத்துக்குக் கீழே கிடுகுக் கொட்டில் போட்டு, அதையே கராஜ் என்று சொல்லி வேலை செய்தார். பேய் பிசாசுக் கதையெல்லாம் அவருக்கு ஆகாது. ஒரு வண்டி சத்தம் போட்டால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், அந்தக் காரணத்தைக் கையால் தொட்டுக் காட்டலாம் என்பார்.

அவருடைய ஒரே மகள் கௌசலா அப்போது நிறைமாதம். மருமகன் மன்னார்ப் பக்கம் வேலைக்குப் போனவர், பாதை பூட்டியதால் வரமுடியாமல் நின்றுவிட்டார். மருத்துவிச்சி அன்று விடியவே வந்து வயிற்றைத் தடவிப் பார்த்தா. முகம் சரியில்லை.

"பிள்ளை குறுக்காலை கிடக்குது. நாளைக்கு விடியவே ஆஸ்பத்திரியிலை கொண்டுபோய்ச் சேருங்கோ. ஆனா ஒண்டு, குலுக்காமல் கொண்டுபோங்கோ."

அந்தப் பக்கத்தில் நோயாளிகளை ஏற்றுகிற வண்டி ஒன்றுதான் இருந்தது. குகதாசன் என்பவருடைய ஜீப். முன்னால் சாரதி. அவருக்குப் பின்னால் ஒரு தகரத் தடுப்பு. அதற்கும் பின்னால், மூடிய கூட்டுக்குள் இரண்டு பக்கமும் ஆட்கள் இருக்க நீட்டுப் பெட்டி போல வாங்குகள். ஏறவும் இறங்கவும் பின்னால் சின்னக் கண்ணாடி வைத்த ஒரே கதவு. அந்தக் கதவுக்கு உள்ளே பிடி இல்லை. வெளியே நின்றுதான் திறக்கவேண்டும்.

வீரகத்தி கேட்டபோது குகதாசன் மறுக்கவில்லை. ஆனால் தலையைச் சொறிந்தார்.

"ஏத்துறன் அண்ணை. ஆனா இந்த ஜீப் குலுக்கிற குலுக்குக்குப் பிள்ளை தாங்காது. வில்லங்கமாப் போடும். நீங்களே ஒருக்காப் பாருங்கோவன்."

அன்று காலை எட்டு மணிக்கே ஜீப் கராஜுக்கு வந்தது. பார்த்தவுடனேயே வீரகத்திக்குச் சிரிப்பு வந்தது. நாலு சில்லும் லொறிச் சில்லு. நடுவில் இரும்புத் தகடு வைத்து ஒட்டி, எப்படியோ கொழுவியிருந்தார்கள்.

"உதென்ன குகதாசன், ஆட்டுக்குட்டிக்கு எருமைக் காலோ?"

"இப்ப ஜீப்புக்கு ரயர் எங்கை எடுக்கிறது? கிடைச்சதைக் கொழுவினன்."

குலுக்கத்துக்கு அது போதும். லொறி ரயர் லொறிப் பாரத்துக்கென்று செய்தது. ஒரு சின்ன ஜீப்புக்குக் கீழே அது கல்லு மாதிரி நிற்கும், வளைந்து கொடுக்காது. இப்படி யோசித்துக்கொண்டே குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

ரயரின் வயிறு பிதுங்கியிருந்தது. நெல்லு மூட்டை ஏற்றின லொறியின் ரயர் பிதுங்குமே, அப்படி. காற்று அளந்து பார்த்தார். காற்றில் குறையில்லை.

இன்னொன்று. சில்லு பெரிதானால் வண்டி உயரவேண்டும். இது பதிந்து கிடந்தது. பின்பக்கத்து மட்காட்டின் விளிம்பு ரயரில் உரசி, ரயரைச் சுற்றி ஒரு பளபளப்பான கோடு விழுந்திருந்தது.

"ஆர் ஸ்பிரிங்கை வெட்டிப் பதிச்சது?"

"ஒருத்தரும் வெட்டேல்லை. வாங்கேக்கையே இப்பிடித்தான்."

குகதாசன் பக்கத்துக் கடையில் தேத்தண்ணி குடிக்கப் போனார். வீரகத்தி ஜக் வைத்துப் பின்பக்கத்தை உயர்த்தி ஸ்பிரிங்குகளைக் கழற்றினார். ஒரு தகடும் குறையவில்லை. வெடிப்பில்லை. கழற்றி நிலத்தில் வைத்ததும் இரண்டும் வில்லுப் போல நன்றாக வளைந்துதான் நின்றன. வண்டிக்குக் கீழே நேராகக் கிடந்த ஸ்பிரிங் வெளியே வந்ததும் எப்படி வளைந்தது? பாரம் ஏற்றினால்தானே ஸ்பிரிங் அப்படி நேராகும்?

இருந்தாலும் தன்னிடம் இருந்த தடித்த ஸ்பிரிங் இரண்டைப் போட்டார். ரயரில் கொஞ்சம் காற்று இறக்கினார். ஜக்கை எடுத்துவிட்டு, அச்சுக்கும் மேலேயிருக்கிற ரப்பர்க் கட்டைக்கும் இடையில் கையை வைத்து அளந்தார். நாலு விரல் இடைவெளி. மணி பன்னிரண்டே கால். நிம்மதியாகச் சாப்பிடப் போனார்.

ஒரு மணி ஐந்துக்குத் திரும்பி வந்து மறுபடி அளந்தார்.

ஒரு விரல்.

பின்கதவைத் திறந்து பார்த்தார். இரண்டு வாங்கும் வெறுமையாக இருந்தன. கீழே ஒரு பழைய சாக்கு. வேறொன்றும் இல்லை.

குகதாசன் வந்ததும் கேட்டார். "சனம் என்ன சொல்லுறவை? குலுக்குது எண்டு மட்டும்தானோ?"

குகதாசன் கொஞ்சம் யோசித்தார். "இடமில்லை எண்டும் சொல்லுறவை. ஒருத்தர்தான் இருப்பார்... ஆனாலும் ஒடுங்கிப்போய் மூலையிலை இருப்பார். நான் அதைப் பெரிசா எடுக்கேல்லை."

வீரகத்தியும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. எது எங்கே இடிக்கிறது என்று காதால் கேட்டுவிட்டால் போதும். அவர் பின்னால் ஏறி, இரண்டு வாங்குக்கும் நடுவில் மல்லாக்கப் படுத்துத் தலையைத் திருப்பி, ஒரு காதைத் தகரத்தில் வைத்தார்.

"மெல்ல விடுங்கோ. நான் தட்டினா நிப்பாட்டுங்கோ."

கதவு வெளியிலிருந்து பூட்டுப்பட்டது. மணி ஒன்று நாற்பது.

மண்ணெண்ணெயில் ஓடுகிற எஞ்சின் இருமி இருமிக் கிளம்பியது. றோட்டுப் பள்ளம், முதல் கிடங்கு. டொக். இரண்டாவது. டொக். ஸ்பிரிங் அசையவேயில்லை. அச்சு நேராக ரப்பர்க் கட்டையில் போய் இடித்தது. இருபது வருசத்துக்கு மேலாகக் கேட்ட சத்தம் அது. அளவுக்கு மிஞ்சி ஆள் ஏற்றின வண்டியின் சத்தம்.

ஒன்று நாற்பத்தாறு. அவருடைய வலது தோளில் ஏதோ முட்டியது. வாங்கின் கால் என்று நினைத்தார். பிறகுதான் நினைவு வந்தது. அது பெட்டி வாங்கு. கால் இல்லை.

இடது பக்கத்திலும் முட்டியது. வட்டமாக, கடினமாக... முழங்கால் மாதிரி.

எழும்பப் பார்த்தார். எழும்ப முடியவில்லை. யாரும் அவரைப் பிடித்து அமத்தவில்லை. அதை அவர் பிறகு எல்லாரிடமும் அழுத்திச் சொன்னார். எழும்ப இடமில்லை. அவ்வளவுதான். கோயில் திருவிழா நாளில் பஸ்ஸுக்குள் மாட்டிக்கொண்ட மாதிரி. கையைத் தூக்கினால் கைக்கு இடமில்லை. காலை மடக்கினால் காலுக்கு இடமில்லை.

கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தார். மேலே தகரக் கூரை தெரிந்தது. வெறும் வாங்கு தெரிந்தது. வெயில் தெரிந்தது.

வேறொருவரும் தெரியவில்லை.

மணம் வந்தது. சேறு... பாசி... ஆவணி மாதம். குளமெல்லாம் வெடித்துக் கிடந்த காலம்.

பிறகு மூச்சுச் சத்தம். அவருடையது இல்லை. ஒரு மூச்சு மட்டுமில்லை. பல மூச்சு.

"குகதாசன்!"

வாயைத் திறந்தார். சத்தம் வெளியே போகவில்லை. காதுக்குள் தண்ணீர் போன மாதிரி அடைத்தது.

அப்போதுதான் அது கேட்டது.

டக்... டக்... டக்...

உள்ளேயிருந்து, பின்கதவுக் கண்ணாடியில், யாரோ விரலால் தட்டினார்கள்.

ஜீப் நின்றது. நெஞ்சோடு ஒட்டிக் கிடந்த கையில் மணிக்கூடு தெரிந்தது. ஒன்று ஐம்பத்து மூன்று.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குகதாசனின் முகம். வாய் அசைந்தது. என்னண்ணை, தட்டினனீங்களோ? சொல் தூரத்தில் கேட்டது.

நான் தட்டேல்லை.

அதைச் சொல்லவும் மூச்சில்லை.

குகதாசன் பிடியைத் திருப்பினார். இழுத்தார். வரவில்லை. காலைப் பம்பரில் ஊன்றி இழுத்தார்.

வரவில்லை.

கதவுக்கும் வீரகத்தியின் காலுக்கும் ஒரு முழம்தான் தூரம்.

டக்... டக்... டக்... டக்... டக்...

இப்போது தட்டினது ஒரு விரல் இல்லை.

குகதாசன் ஓடிப்போய் ஜக் கம்பியை எடுத்து வந்தார். ஒரே அடி. கண்ணாடி சிதறிக் கொட்டியது. தட்டின சத்தம் அந்த இடத்திலேயே நின்றது.

பிறகு ஸ்பிரிங் முனகியது.

கிறீச்...

ஜீப் கொஞ்சம் மேலே எழும்பியது. பாரம் ஏற்றின வண்டியிலிருந்து ஒரு ஆள் இறங்கினால் எப்படி எழும்பும், அப்படி.

கிறீச்...

மறுபடியும்.

குகதாசனின் ஒரு கை மட்காட்டில் இருந்தது. வண்டி எழும்ப எழும்ப அந்தக் கையும் மேலே போனது. எடுக்கத் தோன்றாமல் அவர் அப்படியே நின்றார். பிறகு எல்லாம் அடங்கியது. பிடியைத் தொட்டதும் கதவு தானாகவே திறந்துகொண்டது.

வீரகத்தி தவழ்ந்து வெளியே வந்து றோட்டில் இருந்தார். சட்டை பிழிகிற மாதிரி நனைந்திருந்தது. வியர்வை என்றுதான் இருவரும் சொல்லிக்கொண்டார்கள். குகதாசன்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"ஒன்பது தரம் எழும்பினது அண்ணை. எண்ணினனான்."

வீரகத்தி எழும்பிப்போய் அச்சுக்கு மேலே கையை வைத்து அளந்தார். நாலு விரல். ரயரின் வயிறும் ஏறிப்போயிருந்தது. லொறி ரயர் லொறி ரயராகவே நின்றது.

கராஜுக்குத் திரும்பியது தள்ளியா ஓட்டியா என்று கேட்டால் அவருக்கு நினைவில்லை. நினைவிருப்பது ஒன்றுதான். வந்தவுடன் ஸ்பானரை எடுத்துப் பின்கதவைப் பிணைச்சலோடு கழற்றினார். நாலு ஆணி கழற்ற அரை மணித்தியாலம் எடுத்தது.

"கதவில்லாமல் என்னண்டு ஓடுறது?" என்றார் குகதாசன்.

"கதவில்லாமல்தான் ஓடவேணும்."

அன்றைக்குப் பின்னேரம் முழுதும் அவர் வேறு வண்டிக்கு அலைந்தார். உழவு இயந்திரம் ஒன்று கிடைத்தது. அதன் பெட்டியில் ஏற்றினால் பிள்ளை வழியிலேயே போய்விடும் என்று மருத்துவிச்சி கையை விரித்தா. மாட்டு வண்டியில் போனால் போய்ச் சேர ஒரு பகல் எடுக்கும். கௌசலாவுக்கு மறுநாள் விடியப்புறமே இடுப்பு நோகத் தொடங்கிவிட்டது.

காலை ஆறு பத்துக்கு அந்த ஜீப்பில்தான் ஏற்றினார்கள். வீரகத்தி பின்னால், திறந்து கிடந்த வாசலை மறைத்துக்கொண்டு, மகளின் கையைப் பிடித்தபடி இருந்தார். கண்ணை மூடவேயில்லை. கிடங்குகளில் ஸ்பிரிங் மெல்ல இறங்கி மெல்ல ஏறியது. தொட்டில் மாதிரிப் போனது வண்டி.

"காலை நீட்டிப் படன் அம்மா."

"ஓம் அப்பா. நல்ல இடம் கிடக்குத்தானே."

அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். அவர் வாங்குகளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

அன்று பின்னேரம் நாலு மணிக்குப் பெண்பிள்ளை பிறந்தது. வயிற்றை வெட்டித்தான் எடுத்தார்கள். தாயும் பிள்ளையும் சுகம்.

அதற்குப் பிறகு ஜீப் குலுக்கவில்லை. இடமில்லை என்று யாரும் சொல்லவுமில்லை. வீரகத்தியும் அந்தக் கதையை எடுக்கவில்லை. காரணத்தைக் கையால் தொட்டுக் காட்ட முடியாத முதல் வண்டி அது.

மாசி மாதம், முள்ளியவளையிலிருந்து நடராசா என்று ஒருவர் உழவு இயந்திரத்தைத் திருத்தக் கொண்டுவந்தார். அந்த நேரம் குகதாசனும் காற்றடிக்க வந்து நின்றார். நடராசா ஜீப்பைச் சுற்றி ஒருதரம் நடந்தார். பின்கதவு இல்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"கதவைக் கழட்டினது நல்ல வேலை," என்றார்.

"ஏன், வண்டியைத் தெரியுமோ?"

"நான் வித்த வண்டிதானே. கைமாறி உங்களிட்டை வந்திருக்கும்." அவர் குரலைத் தாழ்த்தினார். "தொண்ணூற்றைந்து மார்கழி மழை. குளம் நிரம்பித் தண்ணி வான் பாயேக்கை என்ரை தம்பி இதைக் குறுக்காலை விட்டவன். எஞ்சின் நிண்டு, சறுக்கிப்போய்ப் பள்ளத்துக்குள்ளை இறங்கீட்டுது. அவன் முன்கதவாலை பாய்ஞ்சு தப்பீட்டான். பின்னுக்கு இருந்த சனம்... அந்தக் கதவுக்கு உள்ளுக்குப் பிடியில்லைத்தானே. வெளியிலை நிண்டு திறக்க ஆளில்லை. கனநேரம் கண்ணாடியிலை தட்டிக்கொண்டு இருந்தவையாம். தம்பி கரையிலை நிண்டு கேட்டவன். ஏழு பேர்."

வீரகத்தியின் கையிலிருந்த ஸ்பானர் நழுவி விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

நடராசாவின் வேலையை முடித்து அனுப்பினார். பிறகு குகதாசனைப் பார்த்தார்.

"அண்டைக்கு ஒன்பதெண்டு சொன்னனீர். பிழையா எண்ணிப்போட்டீரோ?"

குகதாசன் தலையைக் குனிந்துகொண்டார்.

"பிழையா எண்ணேல்லை."

"அப்ப?"

"நான் வாங்கின பிறகு ரெண்டு பேர் வழியிலை போனவை. பாம்பு கடிச்ச ஐயாத்துரை. மற்றது மலேரியாக் காய்ச்சலிலை ஏத்தின விமலேஸ்வரி. ரெண்டு பேரும் இதுக்குள்ளைதான் முடிஞ்சவை... ஆஸ்பத்திரி வாசலிலை கதவைத் திறக்கேக்கை மூச்சில்லை."

பாலை மரத்து நிழலுக்கு வெளியே வெயில் அனலாக அடித்தது. வீரகத்திக்குக் குளிர்ந்தது.

"உதை ஏன் எனக்கு அண்டைக்கே சொல்லேல்லை?"

குகதாசன் திரும்பினார். ஜீப்பின் வெறும் பின்வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சொல்லியிருந்தா," என்றார், "கௌசலாவை ஏத்தியிருப்பியளோ?"