கரைந்துபோன கட்டி

கதிரியக்கப் புற்றுநோய் மருத்துவம் படிக்கப்போகிறேன், அதிலும் ஆராய்ச்சிதான் செய்யப்போகிறேன் என்று சொன்னபோது அம்மா சர்ச்சுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். தாம்பரத்தில் பள்ளி ஆசிரியை அவர். "கரண்ட் வைக்கிற டாக்டரா? பிரசவம் பாக்கற கைனிக் எடுத்தா தெருவே உன்கிட்ட வருமேடி" என்றார். எங்கள் பக்கத்தில் கதிர்வீச்சுச் சிகிச்சைக்குப் பெயரே கரண்ட் வைப்பதுதான். எனக்கோ, யாராவது வேண்டாம் என்றால் போதும், அங்கேதான் போய் நிற்பேன்.

எம்.பி.பி.எஸ். இறுதியாண்டு மாணவி ஓர் ஆய்வைத் தொடங்க அந்தத் துறைத்தலைவரின் சம்மதம் வேண்டும். அவர் என்னை ஏற்கெனவே ஒருமுறை திருப்பி அனுப்பியிருந்தார். "முதல்ல பாஸ் பண்ணும்மா. ஆராய்ச்சி எங்கயும் ஓடிப்போகாது."

அந்தச் சமயத்தில்தான் பெரும்பாக்கத்து ஆட்டோக்காரர் ஒருவர் தொண்டைப் புற்றுநோய்க்குச் சிகிச்சையில் இருந்தார். கழுத்தில் நெல்லிக்காய் அளவு கட்டி. இப்படிப்பட்ட நோயாளிகளுக்குச் சிகிச்சையின்போது தலை அசையாமல் இருக்க, முகத்தின் அச்சிலேயே பிளாஸ்டிக் வலைமுகமூடி ஒன்று செய்து அதை மேஜையோடு பூட்டிவிடுவோம். கடைசி நாள்வரை அதே முகமூடிதான். பாதிச் சிகிச்சையில் அவர் சில நாள் வரவில்லை. பிறகு ஒரு திங்கட்கிழமை, மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு வந்து நின்றார். முடி இருந்தபோது செய்த முகமூடி இப்போது தொளதொளவென்று ஆடியது.

"கட்டி கரைஞ்சி பூட்ச்சிம்மா" என்றார் அவர் மனைவி, முகமெல்லாம் சிரிப்பாக. "குணமானா மொட்டை போடறேன்னு வேண்டிகினு இருந்தேன். அதான் திருப்போரூர் போயி முடிச்சிகினு வந்துட்டோம்." எங்கள் எல்லோருக்கும் விபூதி கொடுத்தார்.

அன்று சிகிச்சை நடக்கவில்லை. புது முகமூடி, புது ஸ்கேன், திட்டத்தை மறுபடி போட வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற கட்டிதான் போயிருந்தது; தெரியாத செல்கள் உள்ளே இருந்தன. இப்படி விழும் ஒவ்வொரு நாள் இடைவெளியும் அவற்றுக்குத்தான் லாபம். விஷயம் புரிந்ததும் ஆட்டோக்காரர் தலையைத் தடவிக்கொண்டே கேட்டார்: "சாமிக்கு செஞ்சது தப்பாம்மா?"

இல்லை என்றேன். எனக்குக் கோபம் வந்தது, அவர்மேல் இல்லை. யார்மேல் என்று அப்போது தெரியவில்லை. ஆனால் என் ஆய்வு எது என்று தெரிந்துவிட்டது: சிகிச்சையை நடுவில் ஏன் நிறுத்துகிறார்கள்.

மறுபடி துறைத்தலைவரிடம் போனேன். "ஒருத்தர் கதை ஆராய்ச்சி ஆகாதும்மா" என்றார். நியாயம்தான். நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில் தினமும் காலையில் போய் உட்கார ஆரம்பித்தேன். நடுவில் வராமல் நின்று, பிறகு திரும்பி வந்தவர்களோடு பேசினேன். படப்பையிலிருந்து வந்த ஒரு நடுவயதுப் பெண் காய்கறிக் கடையைத் திறக்கப் போய்விட்டாராம். கேளம்பாக்கத்துப் பெரியவர் மகள் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார். இரண்டு பேரும் சொன்ன காரணம் ஒன்றுதான், கட்டி போய்விட்டது. ஆட்டோக்காரரின் மனைவியிடமும் இன்னொரு முறை பேசினேன். எல்லோரிடமும் கடைசியாக ஒரு கேள்வி கேட்டேன். அந்தப் பதிலைத் துறைத்தலைவரிடம் சொல்வது சுலபமாக இருக்காது. ஆனாலும் ஆய்வு விண்ணப்பத்தோடு மூன்றாம் முறையாக அந்த அறைக் கதவைத் தட்டினேன்.

துறைத்தலைவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "சரி, பேஷன்ட்ஸுக்கு விழிப்புணர்வு இல்ல. அவ்வளவுதானே? இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானேம்மா."

"இல்ல சார். குணமாயிடுச்சுன்னு யார் சொன்னாங்கன்னும் கேட்டேன்."

"யாராம்? பக்கத்து வீட்டுக்காரங்களா?"

"நாமதான் சார். ரவுண்ட்ஸ்ல கழுத்தைத் தொட்டுப் பார்த்து, 'சூப்பர், கட்டியே இல்லையே'ன்னு சந்தோஷமா சொல்லிட்டுப் போயிடறோம். அதுக்கப்புறம் என்ன பாக்கி இருக்குன்னு சொல்றதில்ல." இவ்வளவு தூரம் வந்தபிறகு நிறுத்த மனம் வரவில்லை. "ஆட்டோக்காரர்கிட்ட சொன்னது நீங்க சார்."

வெளியே போ என்பார் என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன். அவர் என்னைப் பார்க்காமல் என் விண்ணப்பத்தை இழுத்து வைத்துக்கொண்டு, கையெழுத்துப் போட மேஜைமேல் பேனாவைத் தேடினார்.