ஆர்.ஐ. கொடுத்த பிஸ்கட்

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தேகம் அதிகம். அம்மா பால்காரரைச் சந்தேகப்படுவாள். அப்பா, எங்கள் பேச்சில் நைனா, மேஸ்திரியைச் சந்தேகப்படுவார். கடைக்குட்டியான எனக்கு இந்தக் குடும்பச் சொத்து கொஞ்சம் கூடுதலாகவே வந்து சேர்ந்தது. யாராவது சும்மா ஒரு மிட்டாய் நீட்டினால்கூட, இவர் எதற்காகக் கொடுக்கிறார் என்று யோசித்துவிட்டுத்தான் வாயில் போடுவேன். மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது அப்படி ஒருமுறை யோசித்ததில் எங்கள் அக்காவின் படிப்பே போனது. என்னால்தான் போனது என்று வீட்டில் ஒருவரும் இன்றுவரை சொன்னதில்லை. நானாகத்தான் சொல்லிக்கொள்கிறேன்.

ஆந்திராவில் கங்காதர நெல்லூருக்குப் பக்கத்தில், ஊரைத் தாண்டி இருக்கிற காலனி எங்களுடையது. தாத்தா காலம்வரை ஒரு பிடி மண் சொந்தமில்லாமல் அடுத்தவர் நிலத்தில் பாடுபட்ட குடும்பம். நைனா காலத்தில்தான் சர்க்கார் பட்டாவாக ஒன்றரை ஏக்கர் மேட்டு நிலம் வந்தது. அதில் வேர்க்கடலை போடுவார். மழை ஏமாற்றிய மாதங்களில் திருச்சானூருக்குப் போய், அங்கே வரிசையாக எழும்பிக்கொண்டிருந்த லாட்ஜ்களுக்குக் கலவை சுமப்பார். சித்தப்பா பெங்களூருக்குப் போய், வெளிநாட்டுக்குச் சட்டை தைத்து அனுப்புகிற கம்பெனியில் சேர்ந்துவிட்டார். ஊருக்கு வரும்போதெல்லாம் அவருக்கு ஒரே பேச்சுதான்.

"இனிமே இங்கிலீசு வந்தாத்தாண்ணா சோறு. பெரியவதான் தெலுங்கு மீடியத்துல போய்ட்டா. இந்தச் சின்னதையாச்சும் கான்வென்ட்டுல போடு."

கான்வென்ட் என்பது சித்தூர் போகிற ரோட்டில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடம். அம்மாவுக்கு உடனே மூக்கில் வியர்த்தது. "அங்க போனா அவங்க வேதத்துல சேத்துக்குவாங்களாமே?"

"அண்ணி, ஊர்ல பெரிய வூட்டுப் பசங்கல்லாம் அங்கதான் படிக்கிது. அதுங்களையெல்லாம் வுட்டுட்டு ஒம் பொண்ணத்தான் புடிச்சிக்கினு போவப் போறாங்களா?" என்றார் சித்தப்பா.  என்னைச் சேர்த்துவிட்டார்கள்.

சேர்ந்த முதல் வாரமே வகுப்பில் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. கிறிஸ்தவப் பிள்ளைகள் கை தூக்குங்கள் என்றார் சிஸ்டர். சிலர் தூக்கினார்கள். நானும் தூக்கினேன். தூக்கியவர்களுக்கு மட்டும் ஏதாவது கொடுத்துவிட்டால் என்ன செய்வது? அடுத்து இந்துப் பிள்ளைகள் என்றார். அதற்கும் தூக்கினேன். முஸ்லிம் என்றபோது கை வலித்ததால் விட்டுவிட்டேன். சிஸ்டர் சிரித்துக்கொண்டே ரிஜிஸ்டரில் எதையோ எழுதினார். என்ன எழுதினார் என்று எட்டிப் பார்த்தேன். இங்கிலீஷ் என்பதால் படிக்கத் தெரியவில்லை.

பள்ளிக்கூடத்தில் பொட்டு வைக்கக் கூடாது. ஆனால் அம்மா பொட்டில்லாமல் படியிறங்க விடமாட்டாள். எங்களைப் போன்ற பெண்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தோம். காலையில் உள்ளே நுழைந்ததும் ஸ்டிக்கர் பொட்டை எடுத்துத் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் ஒட்டிவிடுவோம். சாயங்காலம் எடுத்து வைத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புவோம். ஒருநாள் என்னுடையதை யாரோ எடுத்துக்கொண்டு போய்விட, கிடைத்த பச்சைப் பொட்டோடு வீடு திரும்பினேன். அம்மா என் நெற்றியையே பார்த்துக்கொண்டு அரைமணி நேரம் விசாரித்தாள். போலீஸ்காரர்கூட அவ்வளவு கேட்டிருக்க மாட்டார்.

இன்னொன்றும் உண்டு. சாப்பிடுவதற்கு முன்னால் கண்ணை மூடி, கை கூப்பி, உணவைத் தந்ததற்கு நன்றி சொல்லி நான்கு வரி இங்கிலீஷ் ஜெபம் சொல்ல வேண்டும். எல்லாப் பிள்ளைகளும் சொல்ல வேண்டும், மதவித்தியாசம் கிடையாது. வெள்ளிக்கிழமைகளில் இதற்கு ஒரு சோதனை நடக்கும். சிஸ்டர் ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு பிஸ்கட்டை வைத்துவிட்டு, போர்டைத் துடைப்பதுபோலத் திரும்பி நின்றுகொள்வார். அவசரக்காரர்கள் கடித்துவிடுவார்கள். கடித்தவர்கள் பெஞ்சின்மேல் ஏறி நிற்க வேண்டும், ஜெபம் சொல்லிவிட்டுச் சாப்பிட்டவர்களுக்கு நோட்டில் ஒரு ஸ்டார். நான் ஒருமுறைகூட ஏறவில்லை. காரணமில்லாமல் பிஸ்கட் கொடுக்கிற உலகம் இதுவல்ல என்று எனக்கு அப்போதே தெரியும்.

நான் மூன்றாவது படித்த அந்த வருடம்தான் அக்கா இன்டர், அதாவது பன்னிரண்டாவது, முடித்திருந்தாள். திருப்பதியில் ஒரு பெண்கள் பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் படிக்க அவளுக்குச் சீட் வந்தது. எங்கள் காலனியில் கம்ப்யூட்டரை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. அக்காவும் பார்த்ததில்லை. ஆனாலும் சாப்பாட்டுத் தட்டின் விளிம்பில் விரல்களால் டைப் அடித்துப் பழகினாள். இட ஒதுக்கீட்டில் வந்த சீட் என்பதால், குறித்த தேதிக்குள் சாதிச் சர்டிபிகேட் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். நைனா தாசில்தார் இருக்கிற மண்டல் ஆபீசில் எழுதிப் போட்டார்.

அங்கேதான் சிக்கல் வந்தது. எங்கள் சாதியில் இந்துவாக இருந்தால் ஒரு பட்டியல், கிறிஸ்தவத்துக்குப் போய்விட்டால் வேறு பட்டியல். பட்டியல் மாறினால் சீட்டும் போய்விடும். இந்தக் குடும்பம் சர்ச்சுக்குப் போகிறது என்று மனு வந்திருக்கிறது, ரெவின்யூ இன்ஸ்பெக்டர் நேரில் வந்து விசாரிப்பார் என்று ஆபீசில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். மனு போட்டது யார்? அம்மா ஒரு வாரத்துக்குக் காலனியில் பாதிப் பேரோடு பேசவில்லை. அந்த மனுவை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. அப்படி ஒன்று உண்மையிலேயே இருந்ததா என்று எனக்கு இன்றும் சந்தேகம்தான்.

விசாரணைக்கு வீடு தயாரானது. எங்கள் சாமி கங்கம்மா. வருடத்துக்கு ஒருமுறை கூழ் ஊற்றுவோம், மற்ற நாட்களில் அவள் பாட்டுக்கு இருப்பாள், நாங்கள் பாட்டுக்கு இருப்போம். வீட்டில் படம் என்று பெரிதாக எதுவும் கிடையாது. ஆனால் ஆர்.ஐ. பார்ப்பதற்கு ஏதாவது வேண்டுமே என்று நைனா திருச்சானூரிலிருந்து தாயார் படம் ஒன்றைக் கண்ணாடி போட்டு வாங்கி, ஷேர் ஆட்டோவில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். பக்கத்து வீட்டிலிருந்து ஏழுமலையான் காலண்டரும் வந்து மாட்டிக்கொண்டது. எனக்கு அம்மா தனியாக ட்யூஷன் எடுத்தாள்.

"உன் சாமி யாருன்னு கேட்டா இன்னா சொல்லுவ?"

"கங்கம்மா."

"சர்ச்சுக்குப் போவியான்னு கேட்டா?"

"போமாட்டேன்."

"ஸ்கூல்ல இன்னா சொல்லிக் குடுக்கறாங்கன்னு கேட்டா?"

"ஏபிசிடி. வேற ஒண்ணியும் இல்ல."

அம்மாவுக்குத் திருப்தி. எனக்கும் திருப்தி. பரீட்சைக்குக்கூட நான் அவ்வளவு படித்ததில்லை.

ஆர்.ஐ. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மோட்டார் சைக்கிளில் வந்தார். மரியாதையான மனிதர். செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். நைனா கடைக்கு ஓடிப்போய் வாங்கி வந்த சோடாவை மட்டும் தொடவில்லை. இப்போதுதான் குடித்துவிட்டு வருகிறேன் என்றார். அம்மாவும் நைனாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்கா மார்க் ஷீட்டுகள் வைத்த ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கதவோரம் நின்றாள்.

அவர் சுவரைச் சுற்றிப் பார்த்தார். தாயார் படத்தின் சட்டத்தில் ஒரு விரலால் தடவி, விரலைப் பார்த்தார். தூசி இல்லை.

"படம் புதுசு போலக் கீதே?" தெலுங்குக்காரர் என்றாலும் எங்களிடம் எங்கள் தமிழிலேயே பேசினார்.

"திருச்சானூர்ல வாங்கனது சார்."

"எப்போ?"

நைனாவுக்குப் பொய் சொல்ல வராது. "போன வாரம் சார்" என்றார்.

ஆர்.ஐ. என் பக்கம் திரும்பி எந்த ஸ்கூல் என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அட, எங்க பாப்பாவும் அங்கதான். மூணாவது பி செக்‌ஷன்" என்றார். நான் ஏ செக்‌ஷன். கங்கம்மாவைப் பற்றிக் கேட்பார் என்று பதிலை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். கேட்கவில்லை. பையிலிருந்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து, இரண்டை எடுத்து என் கையில் வைத்தார்.

"துன்னு பாப்பா."

சொல்லிவிட்டு, காலண்டரில் எதையோ தேடுவதுபோலச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

எனக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமைச் சோதனை! அதே பிஸ்கட், அதே முதுகு. இவர் பெண்ணும் அங்கேதான் படிக்கிறாள், சிஸ்டர்தான் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். என்னை மடக்கப் பார்க்கிறார். நானா மாட்டிக்கொள்வேன்? பிஸ்கட்டை மடியில் வைத்தேன். கண்ணை இறுக்கி மூடினேன். கை கூப்பி, நான்கு வரியையும் ஒரு சொல் பிசகாமல், ஆமென்வரை கணீரென்று சொன்னேன்.

கண்ணைத் திறந்தபோது ஆர்.ஐ. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"நல்லா சொல்ற பாப்பா. இன்னொரு தபா சொல்லு."

சொன்னேன். இந்த முறை இன்னும் சத்தமாக.

"வூட்லயும் தெனம் சொல்லுவியா?"

அம்மா எடுத்த ட்யூஷனில் இந்தக் கேள்வி இல்லை. இல்லையென்றால் ஸ்டார் போய்விடுமோ என்று, "தெனம் சொல்லுவேன்" என்றேன். உண்மையில் வீட்டில் பசி வந்தால் எனக்குச் சோறுதான் ஞாபகம் வரும். ஆர்.ஐ. நோட்டுப் புத்தகத்தை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

நைனா பதறிப்போய் முன்னால் வந்தார். "அது ஸ்கூல்ல சொல்லிக் குடுக்கறது சார். கொயந்த, அதுக்கு இன்னா தெரியும்."

"தெரியும்பா. எங்க பாப்பாவும் இதச் சொல்லாம சோத்துல கைய வைக்க மாட்டா" என்று சொல்லிப் பெரிதாகச் சிரித்தார் ஆர்.ஐ. நைனாவும் சிரித்தார். பெரிய கண்டம் தாண்டிய மாதிரி சிரித்தார். எங்கள் குடும்பத்தில் ஒருவர் வெளியாள் ஒருவரை முழுசாக நம்பியதை நான் அன்றுதான் பார்த்தேன். நான் இரண்டு பிஸ்கட்டையும் சாப்பிட்டு முடித்தேன்.

அவர் போன பிறகு அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "யாருடி உன்ன அதச் சொல்லச் சொன்னது?" அடி விழுமென்று தலையைக் குனிந்தேன். அதற்குள் அக்கா நடுவில் வந்துவிட்டாள். "வுடும்மா, அவ இன்னா பண்ணுவா" என்றாள். அவளுக்குக் கோபமே வரவில்லை. வந்திருந்தால் எனக்கு இப்போது இவ்வளவு வலிக்காது.

அதற்குப் பிறகு நைனா லாட்ஜ் வேலையை விட்டுவிட்டு மண்டல் ஆபீசுக்கு நடந்தார். ரிப்போர்ட் மேலே போயிருக்கிறது என்றார்கள். மேலே என்றால் எவ்வளவு மேலே என்று யாரும் சொல்லவில்லை. அட்டெண்டர் ஒருவர்தான் இரக்கப்பட்டு, அதில் எழுதியிருந்ததை நைனாவிடம் சொன்னார். சுவாமி படங்கள் புதியவை, குழந்தை தினமும் வீட்டில் கிறிஸ்தவ முறைப்படி ஜெபம் செய்கிறது, மேல்விசாரணை தேவை. பாலிடெக்னிக்கில் இரண்டு வாரம் தவணை கொடுத்தார்கள். அதுவும் முடிந்தது. அந்தச் சீட் வேறு யாருக்கோ போய்விட்டது. பெரிய மனிதர்கள் நாலு பேரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கிக் கொடுத்த பிறகு, ஐந்து மாதம் கழித்துச் சர்டிபிகேட் வந்தது. முத்து முத்தான எழுத்தில் இந்து என்றுதான் போட்டிருந்தது. அதை வாங்கிக்கொள்ள அக்கா ஊரில் இல்லை.

தவணை முடிந்த வாரமே சித்தப்பா வந்து அவளைத் தன் கம்பெனிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். சட்டைக் காலர் தைக்கிற வேலை. கிளம்புகிற அன்று என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிடப் போவதாக அம்மா சொன்னாள். அக்கா பையைக் கீழே வைத்துவிட்டாள். "அவள நிறுத்தினா நான் போவல" என்றாள். அம்மா அழுதுகொண்டே சரி என்றாள். நான் அழவில்லை. பெங்களூருக்குப் போகிறவர்களுக்காக எதற்கு அழ வேண்டும் என்று நினைத்தேன்.

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு ஹாலில் எல்லா வகுப்பும் சேர்ந்து ஜெபம் சொன்னோம். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு ஆர்.ஐ.யின் பெண் யார் என்று விசாரித்துக் கண்டுபிடித்து வைத்திருந்தேன். இரட்டைச் சடை போட்ட சிவப்பான பெண். ஹாலிலேயே அவள் குரல்தான் பெரிதாகக் கேட்டது. சிஸ்டர் போகிறபோக்கில் அவள் தலையைத் தடவிவிட்டுப் போனார். கை கழுவுகிற இடத்தில் அவளைப் பிடித்தேன்.

"உங்க வூட்டுக்கு ஆர்.ஐ. வந்தாரா?"

"எங்க நானாதான் ஆர்.ஐ." என்றாள். அப்பாவை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

"அவரு இல்ல, வேற ஆர்.ஐ. நோட்டு எடுத்துக்கினு வருவாரே, நீ ஜெபம் சொல்றியான்னு பாக்கறதுக்கு."

"இல்லியே. எதுக்கு வரணும்?"

கேலியாகக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டாள். எனக்கும் பதில் தெரியவில்லை. ஆனால் அவளைவிட எனக்கு அனுபவம் அதிகம் என்பதால் விட்டுக்கொடுக்க மனமில்லை.

"எல்லார் வூட்டுக்கும் வருவாங்க" என்றேன். "எங்க வூட்டுக்கு மொதல்ல வந்துட்டாங்க, அவ்ளோதான். உனக்கு அக்கா கீறாளா?"

இருக்கிறாள் என்று தலையாட்டினாள். அவள் முகம் சுருங்கிவிட்டது. பாவம், இவள் அக்காவும் கூடிய சீக்கிரம் பெங்களூருக்குப் போய்விடுவாள் என்று எனக்கு அவள்மேல் இரக்கமாக இருந்தது.