சேர்த்துவைக்கிற வேலை

உபதேசியார் வேலை என்றால் கோயில் மணி அடிப்பது, பூசைக்கு முந்தி ஜெபமாலை சொல்லுவது, பிள்ளைகளுக்கு மந்திரம் படிப்பிப்பது என்று நினைத்துத்தான் நானும் சேர்ந்தேன். பாதி வேலை கோபித்துக்கொண்டு போன பெண்டாட்டியைத் திரும்பக் கூட்டிவருவது என்று யாரும் சொல்லவில்லை.

எழுபதுகளில் சங்கரன்கோவிலில் நம் கத்தோலிக்க ஆட்கள் கொஞ்சம் பேர்தான். தறி ஓட்டுகிறவர்கள் சில வீடு, ரயில்வேயில் சில வீடு, வாத்தியார்கள், குருவிகுளம் பக்கத்துக் கிராமங்களில் காட்டுவேலை பார்க்கிறவர்கள். ஒரு வீட்டில் சண்டை என்றால் எல்லா வீட்டுக்கும் கேட்கும். பங்குச் சாமியார் காதுக்கு வந்ததும் என்னைத்தான் அனுப்புவார். அவர் பக்கம் ஒரு நியாயம் இருந்தது. சாமியாரான எனக்கு என்ன தெரியும், நீர்தான் கல்யாணம் ஆனவர் என்பார்.

கல்யாணம் ஆனவன்தான். என் மனைவி ஜெசிந்தா திருச்செந்தூருக்கும் தெற்கே ஒரு கடற்கரை ஊரில் டீச்சர். அது வேறு ஆயருக்குக் கீழே உள்ள மேற்றிராசனம், இது வேறு மேற்றிராசனம். பள்ளிக்கூட நிர்வாகமும் வேறு வேறு. மாற்றல் கேட்டால் அங்கே விடமாட்டார்கள், இங்கே இடம் இருக்காது. வேலையை விட்டுவிடச் சொல்லலாம் என்றால் உபதேசியார் சம்பளம் இரண்டு வயிற்றுக்குக் காணாது. மற்றவர்களுக்குத் திருநாள் வந்தால் குடும்பம் கூடும். கிறிஸ்துமஸ், ஈஸ்டர் எல்லாம் எனக்கு வேலைநாள். அவள் வந்தாலும் கோயிலில் கூட்டத்துக்கு நடுவில்தான் முகத்தைப் பார்ப்பேன். உத்தியோகத்துக்காக இப்படி இரண்டு ஊரில் சோறு பொங்கியவர்கள் யாராவது இதைப் படித்தால், மேற்கொண்டு நான் சொல்லாமலே பாதி புரிந்துவிடும்.

கரிவலத்துக்குப் போனது

நான் போன முதல் வழக்கு தறிக்காரர் சவரிமுத்துவுடையது. அவர் மனைவி ஞானம் கரிவலம்வந்தநல்லூரில் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை என்னவென்று கேட்டால் இரண்டு பேருக்குமே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. தறிச் சத்தத்தில் இருந்தே பழகியதால் சவரிமுத்து வீட்டிலும் கத்தித்தான் பேசுவார். அதை அவள் திட்டு என்று எடுத்துக்கொண்டாள். ஒருநாள் திட்டாகவே இருந்திருக்கிறது.

எனக்குக் கல்யாணமாகி அப்போது ஆறு மாசம்கூட ஆகவில்லை. சைக்கிளில் கரிவலம் போய், முற்றத்தில் உட்கார்ந்து, கடவுள் சேர்த்ததை மனிதன் பிரிக்கக் கூடாது என்று ஆரம்பித்து நீளமாகப் பேசினேன். ஞானம் அரிசி புடைத்தபடியே கேட்டாள். நான் முடித்ததும், உங்கள் வீட்டம்மா எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டாள். சொன்னேன். ஏன் அங்கே இருக்கிறார்கள் என்றாள். அதையும் சொன்னேன். என்மேல் இரக்கப்பட்டாளோ என்னவோ, உள்ளே போய்த் துணிகளை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டாள். வாசலைத் தாண்டும்போதுதான் சொன்னாள்: "கடவுள் சேத்தத மனுஷன் பிரிக்கக் கூடாதுங்கிய, சரி. பள்ளிக்கூட மேனேஜர் மட்டும் பிரிக்கலாமாக்கும்?"

சூரியன் அடையுமுன்

கல்யாணம் ஆகப்போகிறவர்களுக்கு வகுப்பு நடத்தவேண்டும் என்று சாமியாருக்கு ஒரு யோசனை வந்தது. ஞானஸ்நானம், பாவசங்கீர்த்தனம் எல்லாம் அவர் சொல்லுவார். குடும்பம் நடத்துவது என் பாடம். பூசையில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்த ஜோடிகளைப் பெஞ்சின் இரண்டு ஓரத்தில் உட்காரவைத்துச் சொல்லித் தருவேன். மாப்பிள்ளைகள் தரையைப் பார்ப்பார்கள். பெண்கள்தான் கேள்வி கேட்பார்கள்.

பீடி சுற்றுகிற பெண் ஒருத்தி, பெயர் ரோஸ்லின். நல்ல சூட்டிகை. கோபம் வந்தால் எத்தனை நாள் பேசாமல் இருக்கலாம் என்று கேட்டாள். ஒரு நாள்கூடக் கூடாது, சூரியன் அடையுமுன் கோபம் தீரவேண்டும், வேதத்தில் அப்படித்தான் இருக்கிறது என்றேன். உங்கள் வீட்டிலும் அப்படித்தானா என்றாள். பொய் சொல்ல முடியவில்லை. எங்கள் கோபம் இன்லண்ட் கவரில் போகும், பதில் இன்லண்ட் கவரில் வரும். நான் எதற்குக் கோபப்பட்டேன் என்பதே மறந்துபோன பிறகு அவள் கோபம் வந்து சேரும். அதற்கு நான் சமாதானம் எழுதி அனுப்பும்போது அவள் ஏற்கெனவே சமாதானமாகி எழுதிய கடிதம் வழியில் இருக்கும். பிறகு புதுசாக ஒருவர்மேல் ஒருவருக்கு வருத்தம் வரும். ஒரு வருத்தம் மட்டும் மாறவே மாறாது: இதையெல்லாம் அவள் முகத்தைப் பார்த்துச் சண்டையாகவே போடக் கொடுத்துவைக்கவில்லையே என்பது. இந்தக் கடைசிப் பகுதியை வகுப்பில் சொல்லவில்லை. மற்றதைச் சொன்னேன். ரோஸ்லின் சிரிக்கவில்லை. "அப்பம் நீங்க சூரியனச் சொல்லாதிய. தபால்காரரச் சொல்லுங்க" என்றாள்.

தபசு நாள்

எங்கள் ஊர்க் கோமதியம்மன் தவமிருந்ததைக் கொண்டாடுகிற ஆடித்தபசுக்கு லீவு விட்டார்கள் என்று ஜெசிந்தா ஒரு தடவை வந்தாள். ஒரே ஒரு நாள். விடிந்ததும் கிளம்பி மத்தியானம் வந்துவிடுவேன், சாயங்காலம் திரும்பவேண்டும் என்று எழுதியிருந்தாள். நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நின்றேன். தபசுக் கூட்டத்தில் பஸ்களையெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள் என்பது எனக்குத் தெரியாது. அவள் இறங்கி, கூட்டத்தோடு கூட்டமாக நடந்து வீட்டுக்குப் போய், பூட்டைப் பார்த்துவிட்டு வாசல்படியில் உட்கார்ந்திருக்கிறாள். நான் வெறும் பஸ் ஸ்டாண்டில் நின்றிருக்கிறேன். யாரோ சொல்லித்தான் ஓடினேன்.

வீட்டுக்குப் போனபோது வெயில் சாய்ந்துவிட்டது. அவள் கொண்டுவந்த கருவாட்டைக் காகிதத்தோடு என் கையில் கொடுத்தாள். காப்பி போட்டுக் குடித்தோம். அடுப்புப் பக்கத்துச் சுவர் ஏன் இவ்வளவு கரியாக இருக்கிறது என்று கேட்டாள். அதற்குப் பதில் சொல்லுவதற்குள் புறப்படவேண்டிய நேரம் வந்துவிட்டது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதற்கு ஊரில் என்னென்னவோ காரணம் சொன்னார்கள். பஸ் டைம்டேபிளை யாரும் பார்க்கவில்லை.

அவளை ஏற்றிவிட்டுத் திரும்பி வரும்போது சண்முகம் அண்ணாச்சி டீக்கடையில் உட்கார்ந்தேன். அண்ணாச்சி கோமதியம்மனுக்கு விரதம் இருக்கிறவர். நடந்ததைக் கேட்டார். டீயை ஆற்றிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "அம்பாளே ஒத்தக்கால்ல தவம் நின்னுதான் வே காட்சி கெடச்சுது. நீரு ரெண்டு காலயும் ஊனியில்லா நின்னுருக்கீரு."

நடுவில் ஒரு ஆள்

ரயில்வே கேங்மேன் அந்தோணியும் அவர் மனைவி பிலோமினாவும் ஒரே வீட்டில் இருந்துகொண்டே பேசமாட்டார்கள். மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை விஷயமாக வந்த மனஸ்தாபம். மகள் குழந்தை பெற்று, அந்தக் குழந்தை நடக்கவும் ஆரம்பித்துவிட்டது. இவர்கள் பேசவில்லை. சாமியார் என்னை அடிக்கடி போய்வரச் சொன்னார். நான் போனால் இரண்டு பேருக்கும் வசதி. சோறு ஆறுகிறது என்று அவரிடம் சொல்லச் சொல்லி அந்த அம்மாள் என்னைப் பார்ப்பார். குழம்பில் உப்பு இல்லை என்று அவளிடம் சொல்லும் என்று இவர் என்னைப் பார்ப்பார். நானும் சொல்லிச் சொல்லி, அங்கேயே சாப்பிட்டுப் பழகிவிட்டேன்.

ஒருநாள் அப்படி இலைமுன் உட்கார்ந்திருந்தபோது எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. ஒரு வார்த்தை பேச ஆள் இல்லாமல் நான் சுவரைப் பார்த்துச் சாப்பிடுகிறேன், நீங்கள் கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்துகொண்டு இந்த வார்த்தையை என்னிடம் கொடுத்து அனுப்புகிறீர்களே, இதற்கு நான் ஆள் இல்லை என்று சொல்லிவிட்டு, கை நனைக்காமல் எழுந்து வந்துவிட்டேன். வரும் வழியெல்லாம் வெட்கமாக இருந்தது. உபதேசியார் இப்படியா பேசுவது?

மறுநாள் அந்தோணி கோயிலுக்கு வந்தார். தூணைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நீரு போன பெறவு அவ எங்கிட்ட, உபதேசியார் சாப்பிடாமப் போயிட்டாரேன்னா. நான் ஆமான்னேன். அம்புட்டுத்தான் பேசினோம். இன்னைக்கும் வாரும் வே. மிச்சத்தயும் பேசணும்லா."

சொல்லாத ஒன்று

எண்பதுகளின் ஆரம்பத்தில் வெளியூரிலிருந்து ஒரு சாமியார் வந்து தம்பதிகளுக்கு ஒருநாள் கூட்டம் நடத்தினார். எங்கள் ஊருக்கு அது புதுசு. கணவனும் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்து, இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்லவேண்டும் என்றார். ஆண்கள் எல்லாரும் தப்பித்துப் போக வழி தேடுவதுபோலக் கதவைப் பார்த்தார்கள். எனக்கு எதிரே உட்கார ஆள் இல்லாததால், பின்னால் சமையல் நடக்கிற இடத்துக்குப் போய்விட்டேன்.

உள்ளே முணுமுணுப்பு ஆரம்பித்தது. ஒருவர் பேச்சும் தனியாகக் கேட்காது, எல்லாரும் சேர்ந்து மெல்லிசாக ஒரு சத்தம். அதைக் கேட்டபடி சாம்பாரைக் கிண்டிக்கொண்டிருந்தேன். என்னை அறியாமல் என் வாயும் பேசிவிட்டது. ஜெசி, போன தடவை வந்தபோது நீ மறந்து வைத்துவிட்டுப் போன சீப்பை நான் எடுத்து வைக்கவில்லை, கண்ணாடிப் பக்கத்தில் அப்படியேதான் கிடக்கிறது என்றேன். திரும்பினால், தண்ணீர் எடுக்க வந்த ஞானம் செம்போடு நின்றாள். தண்ணீரை மொண்டுகொண்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த வாரம் அவளும் சவரிமுத்துவும், அந்தோணியும் பிலோமினாவும், இன்னும் சில ஜோடிகளும் பஸ் ஏறி எங்கள் மேற்றிராசனத்துப் பள்ளிக்கூட மேனேஜர் சாமியாரைப் பார்க்கப் போனார்கள். எனக்குச் சொல்லவில்லை. திரும்பி வந்த பிறகு சவரிமுத்து சொல்லித்தான் தெரியும், அதுவும் கத்தி. மேனேஜர் சாமியார் சட்டதிட்டத்தையெல்லாம் பொறுமையாக விளக்கினாராம். எல்லாரும் தலையாட்டியிருக்கிறார்கள். ஞானம் மட்டும் எழுந்து, "சாமி, எங்க வீட்டயெல்லாம் சேத்துவச்சாச்சு. உபதேசியார் வீட்டுலதான் பூட்டுத் தொங்குது" என்றாளாம்.

ஜெசிந்தா டீச்சரின் புகார்

மறுவருஷம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் ஓய்வு பெற்றார்கள். அந்த இடத்துக்கு ஜெசிந்தா வந்தாள். டிரங்குப் பெட்டியை அந்தோணி தலையில் தூக்கிவந்தார். அடுப்புப் பக்கத்துச் சுவருக்கு அவள் வந்த வாரமே சுண்ணாம்பு அடித்தாள். விடியுமுன் மணியடிக்க எழுந்தால், இருட்டில் இன்னொரு ஆள் மூச்சு விடுகிற சத்தம் கேட்கும். அதைக் கேட்டபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் போவேன்.

கோயிலை ஒட்டி ஒரு சின்ன அறை உண்டு. சாயங்காலம் நான் அங்கே இருப்பேன். வீட்டுப் பிரச்சினை உள்ளவர்கள் வந்து பெஞ்சில் உட்கார்ந்து சொல்லுவார்கள். ஒருநாள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஜெசிந்தா வந்து அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தாள். விளையாட்டு என்று நினைத்தேன். முகம் அப்படி இல்லை.

"எங்க வீட்டுக்காரவிய எங்கிட்டப் பேச மாட்டேங்காவ. சாமிகிட்டச் சொன்னேன். உபதேசியார்ட்டப் போய்ச் சொல்லும்மான்னுட்டாவ" என்றாள்.

மற்றவர்களிடம் கேட்பதுபோலவே, எவ்வளவு நாளாக என்று கேட்டேன். நான் வந்ததிலிருந்து என்றாள். யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். அவளிடம் சொல்லவேண்டியதையெல்லாம் இத்தனை வருஷம் மனதுக்குள்ளேயே சொல்லிப் பழகிவிட்டேன். தெருவில் நடக்கும்போது, சைக்கிளில் போகும்போது, சோறு வடிக்கும்போது என்று எந்நேரமும் அவளோடுதான் பேச்சு. அவள் நிஜமாகவே எதிரில் வந்து உட்கார்ந்த பிறகும் நான் அங்கே, மனதுக்குள் இருந்தவளோடேயே பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். பேசியாயிற்று என்று நினைத்துப் படுத்திருக்கிறேன். இதைத் தட்டுத் தடுமாறி அவளிடம் சொன்னேன். அவள் கண் கலங்கிற்று. எனக்கும்தான். ஆனாலும் அவள் விடவில்லை.

"அங்கன இருக்கவளுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு. இங்கன வந்து கெடக்கவளுக்கு ஒண்ணும் தெரியல. அவள அனுப்பிட்டு எங்கிட்டச் சொல்லுங்க."

சண்டைபோட்டுப் பிரிந்தவர்களைச் சேர்த்துவைக்க ஒரு சைக்கிளும் கொஞ்சம் வேதவாக்கும் போதும்; பிரிந்திருந்தே பழகிப்போனவர்களைச் சேர்த்துவைக்க மட்டும் இந்த உத்தியோகத்தில் யாருக்கும் பயிற்சி கிடையாது.